பெராஸ்தாகி: தோபா போகும் வழியில் ஒரு ராத்திரி தங்கினால் போதுமா?

#1 தீவுக்குருவி, பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். போன பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவும் வடக்குச் சுமத்ராவில் இருக்கும் பெராஸ்தாகிக்குப் போய் நான்கு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். இங்கே தேடிப் பார்த்தேன். தோபா ஏரிக்குப் போனவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. அதில் பெராஸ்தாகிக்கு இரண்டு வரிதான்: "வழியில் பழக்கடையில் நிறுத்தினோம், நல்ல குளிர்." அந்த ஊருக்கு இது போதாது என்று மனதில் பட்டது. அதனால் இந்த இழை.

மேடானிலிருந்து தெற்கே மலையேறினால் சுமார் 65 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,300 மீட்டர். ஊர் என்று பார்த்தால் ஒரு நீளமான கடைத்தெரு, நடுவில் விடுதலைப் போர் நினைவுத்தூண், ஒரு சந்திப்பில் முட்டைக்கோசுக்கே ஒரு சிலை. வடக்கே சிபாயாக் எரிமலை, 2,212 மீட்டர். மேற்கே சினாபுங், 2,460 மீட்டர் சொச்சம். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை தோட்டம். கேரட், உருளை, முட்டைக்கோசு, மிளகாய், தக்காளி, ஆரஞ்சு, காப்பி.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். டச்சுக்காரர் காலத்தில் இந்தக் காரோ மலையின் முட்டைக்கோசும் உருளையும் கீழே துறைமுகத்துக்கு இறங்கிக் கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. அம்மா அந்தக் காலத்துச் சந்தைப் பேச்சில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். "நாம் சாப்பிட்ட கோசு எந்த மண்ணில் விளைந்ததென்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்றார். பயணம் அப்படித்தான் தொடங்கியது.

முதல் நாள் விடியற்காலை பழச்சந்தைக்குப் போனோம். தலையில் துணியை மடித்துச் சும்மாடு போலக் கட்டிய பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாயில் வெற்றிலை. உதட்டோரம் ஒரு புகையிலை உருண்டை, எலுமிச்சம்பழம் அளவுக்கு. பேசும்போது அதை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறார்கள், விழுவதே இல்லை. அதற்கு 'சுந்தில்' என்று பெயராம். ஒரு பாட்டியின் முன்னால் வெள்ளை மாவு பூசியது போல ஒரு பழக்குவியல். கெசெமெக், அதாவது பெர்சிமன். அது என்ன மாவு என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு. பறித்தவுடன் தின்றால் வாய் முழுக்கத் துவர்க்கும், சுண்ணாம்பு நீரில் போட்டு எடுத்தால் துவர்ப்பு போய்விடும் என்று சைகையிலும் மலாயிலுமாகச் சொன்னார். தன் சேலைத் தலைப்பு மாதிரியான துணியில் ஒன்றைத் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். கறுக்கென்று கடிக்கிறது, தேன் போல இனிக்கிறது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

எரிமலை பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.


#2 நடைவண்டி, சிங்கப்பூர்

அக்கா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் போனேன். சனிக்கிழமை மேடானில் கிளம்பி ஊர் போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆனது. மலைப்பாதை முழுக்க வண்டி. குண்டாலிங் குன்றில் நின்று சினாபுங்கைப் பார்க்கலாம் என்று ஏறினால் மூடுபனியும் குப்பையும் குதிரைச் சவாரிக் கூட்டமும்தான். சிபாயாக் ஏற ஒரு வழிகாட்டியைப் பிடித்தோம். பாதி வழியில் நின்று, பேசிய பணத்துக்கு மேல் கொடுத்தால்தான் மேலே வருவேன் என்றார். திரும்பிவிட்டோம். எனக்கு ஒரு ராத்திரியே அதிகம் என்றுதான் தோன்றியது. உங்கள் பதிவைப் படித்தால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது.


#3 மேடான்வாசி

ஒன்பது வருஷமாக மேடானில் வேலை. நடைவண்டி தம்பி சொன்னது அத்தனையும் நடக்கக்கூடியதுதான். அவர் போனது சனிக்கிழமை, விஷயம் அதில்தான் இருக்கிறது. மேடான் நகரமே வார இறுதியில் குளிர் தேடி அந்த ஒரே சாலையில் ஏறுகிறது. ஞாயிறு மாலை அப்படியே இறங்குகிறது. திங்கள் முதல் வியாழன் வரை போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

சில நடைமுறை விஷயங்கள். மேடானின் பாடாங் புலான் பகுதியிலிருந்து சிறு பேருந்துகள் நாள் முழுக்க ஓடுகின்றன. ஆள் நிறைந்தால் கிளம்பும். விமான நிலையம் குவாலாநாமுவில், 2013-ல் திறந்தது. அங்கிருந்து நேரே வண்டி பேசிக்கொள்ளலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் விசா, 500,000 ரூபியா, 30 நாள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது வேண்டாம்.

மழைக்காலத்தில் கவனம். சிபோலாங்கித் பக்கம் மண் சரியும். 2024 நவம்பர் கடைசியில் அந்தச் சாலையில் மண்சரிவில் உயிர்கள் போயின. பெருமழை பெய்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், தோட்டம் எங்கேயும் ஓடிவிடாது.

இன்னொன்று. மேடான் பேச்சில் சந்தைக்கு 'பஜாக்' என்பார்கள். இந்தோனேசியாவின் மற்ற இடங்களில் அதற்கு வரி என்று பொருள். மலாய் தெரிந்தவர்கள் குழம்பிப் போவார்கள்.

சிபாயாக்குக்கு வழிகாட்டி வேண்டும். ஜாராங்குடா கிராமம் வழியாக மூன்று மணி நேர ஏற்றம். பாதை சுலபம்தான், ஆனால் பனி இறங்கினால் கை நீட்டிய தூரம் தெரியாது, வழி தவறியவர்கள் உண்டு. தங்கும் விடுதியில் விசாரித்து, தொகையை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மேலே கந்தகம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், பாறை இடுக்கில் ஆவி சீறும். மறுபக்கம் இறங்கினால் சிடெபுக்-டெபுக் வெந்நீர்க் குளங்கள். ஏறி இறங்கிய காலை அந்தக் கந்தகத் தண்ணீரில் வைக்கும் சுகத்துக்காகவே நான் நாலு தடவை ஏறியிருக்கிறேன்.


#4 மலைத்தோட்டம், கோத்தகிரி

அருமையான இழை அம்மா. நான் கேரட், பீட்ரூட், உருளை போடுகிறவன். சுற்றுலா இடங்களைவிட எனக்கு மண் பற்றித்தான் கேட்க வேண்டும். எரிமலை மண் என்றால் எப்படி இருக்கிறது? வேலைக்கு ஆள் கிடைக்கிறதா? விளைச்சலை யார் எடுக்கிறார்கள்? சாம்பல் விழுந்தால் பயிர் என்ன ஆகும்? தெரிந்ததைச் சொல்லுங்கள்.


#5 தீவுக்குருவி, பினாங்கு

அண்ணா, இதைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

மண் கறுப்பு. ஈரத்தில் கையில் எடுத்து அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, விட்டால் உதிர்கிறது. நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா ஒரு கேரட்டைப் பிடுங்கிக் காட்டினார். இரண்டு விரலால் இழுத்தார், வேர் அறாமல் முழுசாக வந்துவிட்டது. நீங்கள் விவசாயி, அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி சினாபுங். நூற்றாண்டுகளாகச் சும்மா இருந்த மலை அது. 2010 ஆகஸ்டில் விழித்தது. அப்போது கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. 2013 செப்டம்பரில் மறுபடி தொடங்கி, விட்டு விட்டு 2021 வரை கக்கிக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 2014 பிப்ரவரி 1 அன்று, மலை கொஞ்சம் அமைதியானது போலத் தெரிந்ததால் பார்க்கப் போனவர்கள் மீது சூட்டு மேகம் இறங்கியது. பதினைந்து பேருக்கு மேல் போய்விட்டார்கள். அங்கே அதை 'அவான் பானாஸ்' என்கிறார்கள். வெந்த சாம்பலும் கல்லும் காற்றும் ஒன்றாகச் சரிவில் உருண்டு வருவது. ஓடித் தப்ப முடியாது. 2016 மே மாதம் காம்பெர் கிராமத்தில் மறுபடி 7 பேர். போகக்கூடாது என்று தடுத்து வைத்த பகுதிதான். ஆனாலும் தோட்டம் அங்கேதானே இருக்கிறது? பயிரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாவின் நிலம் மலைக்கும் ஊருக்கும் நடுவில். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காலையில் எழுந்தால் முற்றம் சாம்பல் நிறம். மிளகாய்ச் செடி ஒவ்வொன்றும் சிமெண்டில் செய்தது போல நிற்கும். நாங்கள் வாளியில் தண்ணீர் எடுத்துப் போய் இலை இலையாகக் கழுவுவோம். கழுவி முடிக்கும்போது அடுத்தது விழும். பிறகு மழை வந்தால் சாம்பல் இலையோடு ஒட்டி இறுகிவிடும். அந்த வருஷம் மிளகாயை மறந்துவிட வேண்டியதுதான்." பூவில் சாம்பல் விழுந்தால் காய் பிடிக்காது. கோசில் அடுக்கு அடுக்காக உள்ளே இறங்கிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். மண்ணுக்குள் இருப்பதால் உருளையும் கேரட்டும்தான் ஓரளவு தப்பிக்குமாம். அதோடு முடியவில்லை. மேலே சரிவில் குவிந்த சாம்பலை மழை கரைத்துக்கொண்டு ஆற்றோடு இறக்கும். லஹார் என்பது அதுதான். வயலும் பாலமும் அதில் போகும்.

"வேறு ஊருக்குப் போகத் தோன்றவில்லையா?" என்று அம்மா கேட்டார். அவர் சினாபுங்கைக் கையால் காட்டி, "இந்த மண்ணைக் கொடுத்ததே அதுதானே" என்றார். அதன் பிறகு அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மலையடியில் இருந்த பெகெரா, சிமாசெம், சுகாமெரியா என்ற மூன்று கிராமங்களையும் முழுவதுமாக எடுத்துச் சியோசார் என்ற இடத்தில் குடியமர்த்தியிருக்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வரிசை வரிசையாக. சுற்றிக் காடாக இருந்த நிலத்தில் இப்போது உருளையும் காப்பியும் போடுகிறார்கள். வழியில் நின்று பார்த்தோம். நான் அங்கே படம் எடுக்கவில்லை.

வேலையாள் பற்றி. இந்த மலையின் மக்களான காரோக்களிடம் 'ஆரோன்' என்று ஒரு பழைய முறை. இளைஞர்களும் பெண்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து இன்று உன் நிலம், நாளை என் நிலம் என்று மாறி மாறி வேலை செய்வது. இப்போது அதே சொல்லைக் கூலிக்கு வருகிற குழுவுக்கும் சொல்கிறார்கள். வயலில் குனிந்திருப்பவர்களில் பெண்களே அதிகம், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விளைச்சலைத் 'தொக்கே' எனப்படும் மொத்த வியாபாரி எடுக்கிறார். விலை அவர் வைப்பதுதான். விலை சரிந்தால் தக்காளியைப் பறிக்கும் கூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். மருந்தும் நிறைய அடிக்கிறார்கள். சில வயல்களின் ஓரத்தில் நடந்தாலே மூக்கில் ஏறுகிறது. ஆரஞ்சுக்குப் பழ ஈ பெரிய தொல்லை. பல தோப்புகளை வெட்டிக் காப்பி போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.


#6 மலைத்தோட்டம், கோத்தகிரி

விலை கதை அச்சு அசலாக எங்கள் ஊர்க் கதை. படித்து மனசு கனத்துவிட்டது. இலை இலையாகக் கழுவினார்கள் என்றீர்களே, ஒரு ஏக்கர் மிளகாயை அப்படிக் கழுவ எத்தனை கை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


#7 அன்னம்

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா? அங்கே எங்கு பார்த்தாலும் பன்றி இறைச்சிக் கடை என்று ஒருவர் பயமுறுத்தினார்.


#8 மேடான்வாசி

முடியும், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். காரோக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், 'பாபி பாங்காங்' என்ற சுட்ட பன்றிக் கடைகள் தெருவுக்கு நாலு இருக்கும். முஸ்லிம்களும் நிறைய. அவர்கள் கடைகளில் கடோ-கடோ, பெசெல் (வேகவைத்த காய்கறியும் வேர்க்கடலைச் சாறும்), தெம்பே, தாஹு (சோயாவில் செய்தவை) கிடைக்கும். காய்கறிக் குழம்பு, சம்பலில் எல்லாம் 'தெராசி' என்ற இறால் விழுது போடுவார்கள். "தன்பா தெராசி, தன்பா இகான்" (தெராசி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரவள்ளி இலையை இடித்துத் தேங்காய்ப்பாலில் வைப்பார்கள், கீரைக் கூட்டு மாதிரி இருக்கும். அதிலும் சிலர் நெத்திலி போடுவதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பழத்துக்குப் பஞ்சமில்லை. மர்கீசா என்பது நம் மலைகளில் தாட்பூட் பழம். தெரோங் பெலாந்தா என்பது மரத்தக்காளி. இரண்டையும் சேர்த்து அடித்த சாறுக்கு 'மார்தாபே' என்று பெயர். கருஞ்சிவப்பாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். குளிருக்குப் பண்ட்ரெக், ஏறத்தாழ நம் சுக்குக் காப்பி. மலையேறும் வழியில் பெனாதாபானில் வரிசையாகச் சோளம் சுடும் கடைகள், கீழே பள்ளத்தாக்கு. பெசெரென் என்ற இடத்தில் வாஜிக் வாங்குங்கள், பனை வெல்லமும் ஒட்டரிசியும் கிண்டியது.

மாமிசம் உண்பவர்கள் ஆர்சிக் மீனை விடாதீர்கள். அதில் போடும் அண்டாலிமான் நாக்கை மரத்துப் போகச் செய்யும் ஒரு மலை மிளகு. வேறு எதிலும் அந்த வாசனை கிடையாது.


#9 தீவுக்குருவி, பினாங்கு

அன்னம் அக்கா, 'சிம்பா' கேட்டு வாங்குங்கள். ஒட்டரிசி மாவுக்குள் தேங்காய்த் துருவலும் வெல்லமும் வைத்து, 'சிங்குத்' என்ற இலையில் சுற்றி ஆவியில் வேக வைப்பது. அம்மா இலையைப் பிரித்து ஒரு வாய் வைத்ததும் "இது நம்ம பூரணக் கொழுக்கட்டை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். கடைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இன்னொன்று வைத்தார். மறுநாளிலிருந்து தினமும் அங்கேதான் பசியாறினோம்.


#10 சோழநேசன்

நண்பர்களே, முக்கியமான விஷயத்தை யாருமே தொடவில்லை! காரோ மக்களில் ஐந்து பெருங்குலங்கள். அதில் ஒன்று செம்பிரிங். அதன் உட்பிரிவுகளைப் பாருங்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிராமானா. சோழர், பாண்டியர், மலையாளர், பல்லவர், பிராமணர்! செம்பிரிங் என்ற பெயரின் வேரான 'ம்பிரிங்' என்றால் அவர்கள் மொழியில் கறுப்பு. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் போய்த் தங்கிய நம் வீரர்களின் வாரிசுகள் இவர்கள். பெராஸ்தாகி போகும் ஒவ்வொரு தமிழரும் அவர்களைத் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.


#11 ஏட்டுச்சுவடி

சோழநேசன் தம்பிக்கு, உங்கள் ஆர்வம் எனக்குப் பிடிக்கிறது. அந்தப் பெயர்கள் உண்மை. முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் படைவீரர் வாரிசு என்று எழுத நம்மிடம் சான்று இல்லை. இருப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம் எல்லாம் வருகின்றன. பண்ணை வடக்குச் சுமத்ராவில்தான். ஆனால் அது கீழே ஆற்றுப் பகுதி, காரோ மலை இல்லை.

உறுதியான தமிழ்த் தடம் வேறு இடத்தில். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. 1932-ல் நீலகண்ட சாஸ்திரி அதை வெளியிட்டார். அதில் பேசுவது அரசனோ படையோ இல்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. வரோசு என்று பாருஸின் பெயரும் அதில் இருக்கிறது. வரும் மரக்கலங்கள் கஸ்தூரி விலைக் கணக்கில் பொன் செலுத்த வேண்டும் என்று கூடி முடிவு செய்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் வணிகர்களை இழுத்தது கற்பூரம். இன்றும் மலாயில் கற்பூரத்துக்கு 'கப்பூர் பாருஸ்' என்றே பெயர். அந்த மரம் நின்றது உள்நாட்டு மலைக் காடுகளில்.

கிழக்குக் கரையில் மேடானுக்கு அருகே கோத்தா சீனா என்ற பழைய வணிகக் குடியிருப்பு. அங்கே தோண்டியபோது விஷ்ணு, லட்சுமி, புத்தர் சிலைகள் தென்னிந்தியப் பாணியில் கிடைத்தன. ஆக இரண்டு கரையிலும் நம் வணிகர்கள் இருந்தார்கள், நடுவில் மலை. அந்த வணிகத்தின் வழியே மலைக்கு ஆட்களோ பெயர்களோ சடங்குகளோ ஏறியிருக்கலாம். செம்பிரிங்கில் ஒரு பிரிவினர் முன்பு இறந்தவர்களின் சாம்பலைச் சிறு படகில் வைத்து ஆற்றில் விடும் 'பெகுவாலு' என்ற சடங்கைச் செபெராயா கிராமத்தில் செய்து வந்தார்கள். லாவ் பியாங் ஆற்றில். இது நமக்குப் பழகிய சடங்குதான், வேறென்ன சொல்ல?

ஆனாலும் தம்பி, அவர்கள் காரோக்கள். எந்தக் கிளை எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தனித்தனிக் கதைகள் உண்டு. நாம் போய் "நீங்கள் எங்களவர்" என்று நிற்பதைவிட, அவர்கள் கதையைக் கேட்பது மரியாதை.

ஊரைப் பற்றி ஒரு துணுக்கு. 1948 டிசம்பரில் டச்சுப் படை சுகர்னோ, சுத்தான் ஷாரிர், ஹாஜி அகுஸ் சாலிம் மூவரையும் பிடித்து முதலில் கொண்டுவந்து அடைத்தது பெராஸ்தாகியில்தான். பிறகு தோபாக் கரையில் பராபாத்துக்கு மாற்றினார்கள்.


#12 சோழநேசன்

ஐயா, வணிகர் கல்வெட்டைப் படையெடுப்போடு சேர்த்துக் குழப்பிக்கொண்டேன். திருத்திக்கொள்கிறேன். ஆனால் பெயர்களைக் கேட்டதும் மனசு துள்ளுவதைத் தடுக்க முடியவில்லை. இந்த ஊருக்குக் கட்டாயம் போவேன்.


#13 தீவுக்குருவி, பினாங்கு

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதோடு எனக்கு நடந்த ஒன்றைச் சேர்க்கிறேன்.

மூன்றாம் நாள் லிங்கா கிராமத்துக்குப் போனோம். கபஞ்சாஹே தாண்டிக் கொஞ்ச தூரம். பழைய காரோ வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. ஆணி இல்லாமல் கட்டியவை. கூரை முழுக்கக் கறுப்புப் பனைநார், முகட்டில் எருமைக் கொம்பு. சுவர்ப் பலகையில் பல்லி உருவத்தைக் கயிற்றாலேயே தைத்தது போலப் பின்னியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் எட்டுக் குடும்பம், நான்கு அடுப்பு. இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. உள்ளே இருட்டு, புகை மண்டிய உத்தரம். அம்மா ஓர் அடுப்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். கூரை இற்றுப் போன வீடுகளும் உண்டு. பனைநார் வேய ஆகும் செலவைத் தாங்க முடியாமல் பலர் பக்கத்திலேயே தகர வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே ஒரு காப்பிக்கடை. காரோ மொழியில் கடைக்கு 'கெடே' என்கிறார்கள். மலாயின் 'கெடாய்' நம் கடையிலிருந்து போனதுதானே? ஆண்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள், காரோக்கள் அதில் சூரர்களாம். ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதலில் கேட்டது: "உன் மெர்கா என்ன?" குலம் என்ன என்று. காரோக்கள் இருவர் சந்தித்தால் முதலில் குலம் கேட்டு உறவுமுறை கண்டுபிடித்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார்கள். எங்களுக்கு மெர்கா இல்லை என்றேன். அது அவருக்கு ஏற்பாக இல்லை. கொஞ்சம் யோசித்தார். அம்மாவுக்கு ஓர் உறவுமுறை வைத்தார். பக்கத்தில் இருந்த சிறுவனிடம் ஏதோ சொன்னார். அவன் அம்மா கையைப் பிடித்து "மாமி" என்றான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

பிறகு விசாரித்தேன். தாயின் சகோதரனுக்குக் காரோவில் மாமா, அவர் மனைவிக்கு மாமி. மாமன் மகளைக் கட்டுவது அவர்களிடம் விருப்பமான முறை. பெண் கொடுத்த வீட்டாருக்குக் 'கலிம்பூபு' என்று பெயர், விசேஷங்களில் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. பெண் எடுத்தவர்கள் பந்தியில் நின்று பரிமாற வேண்டும். இந்த முறை உலகத்தில் வேறு மக்களிடமும் உண்டு, சொல் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து நான் எதையும் நிறுவ வரவில்லை. குலம் கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடாமல், ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு ராத்திரி தங்கி ஏரிக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காது.


#14 நடைவண்டி, சிங்கப்பூர்

அக்கா, இதைப் படித்த பிறகு நான் பார்த்தது ஊரை இல்லை, சாலையைத்தான் என்று புரிகிறது. அடுத்த தடவை வார நாளில் போகிறேன். சிபிசோ-பிசோ அருவிக்கும் தோபாவுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?


#15 மேடான்வாசி

அருவிக்கு முடியும். மெரெக் பக்கம், 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சி. பாறை ஓட்டையிலிருந்து தண்ணீர் பாய்வது மேலிருந்தே தெரியும், பக்கத்தில் தோபாவின் வடக்கு முனை விரிந்து கிடக்கும். கீழே இறங்கப் படிகள் உண்டு, ஏறும்போது முழங்கால் பேசும். வழியில் டோக்கான் கிராமத்திலும் பழைய வீடுகள் இருக்கின்றன, கூட்டம் குறைவு. லும்பினி பகோடா, யாங்கோனின் ஷ்வேடகோன் பாணியில் 2010-ல் கட்டியது, மேடானிலிருந்து வரும் வழியிலேயே முடித்துவிடலாம். ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவு போக வேண்டுமானால் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

சினாபுங் அருகே போக ஆசைப்படுபவர்கள், அன்றைய எச்சரிக்கை நிலையை விசாரிக்காமல் போகாதீர்கள். சிவப்புப் பலகை வைத்த இடத்தைத் தாண்டக் கூடாது. உள்ளூர் ஆள் கூட்டிப் போகிறேன் என்றாலும் வேண்டாம்.


#16 மலைத்தோட்டம், கோத்தகிரி

அம்மா, முடிவு செய்துவிட்டேன். உருளை எடுத்த பிறகு நானும் வீட்டுக்காரியும் கிளம்புகிறோம். வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணம். நீங்கள் தங்கிய வீட்டின் விவரம் தர முடியுமா? அங்கே முதல் நாள் எங்கே போகலாம்?


#17 தீவுக்குருவி, பினாங்கு

அண்ணா, ரொம்ப சந்தோஷம். அவர்கள் வீட்டு விவரத்தைப் பொதுவில் போட மனம் வரவில்லை, தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். முன்கூட்டியே கேட்டுவிட்டேன், விவசாயி வருகிறார் என்றதும் அந்த அம்மா மிளகாய் நிலத்தைக் காட்ட இப்போதே தயாராகிவிட்டார். "பூஜுர்" என்றால் நன்றி, "மெஜுவா-ஜுவா" என்றால் வணக்கம், இரண்டும் போதும். புதிதாக ஸ்வெட்டர் வாங்கத் தேவையில்லை, கோத்தகிரிக் குளிர்தான். உங்கள் கேரட் விதை கொஞ்சம் கொண்டுபோகலாமே என்று நினைத்தேன், ஆனால் விமான நிலையத்தில் விதைக்கு அனுமதி கேட்பார்கள், வேண்டாம்.

முதல் நாள் வேறெங்கும் போகாதீர்கள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கேரட் கழுவும் தொட்டி இருக்கிறது, காலை ஆறு மணிக்கு முன்னால் அங்கே போங்கள். சந்தைக்குப் போகும் மூட்டை எல்லாம் அங்கேதான் வரும். நீங்களும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டுங்கள். மேற்கே திரும்பினால், மேகம் இல்லாவிட்டால், சினாபுங் நேர் எதிரே நிற்கும்.